பாரிவாக்கத்தில் ஒரு மௌன நடை

“தம்பி, இடம் இங்கேர்ந்து எவ்வளவு தூரம்?” என்று வேனின் நடு சீட்டிலிருந்து ஒரு குரல் வந்ததும் ஜெகதீஷ் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

வேன் பூந்தமல்லி பஸ் நிலையத்தை விட்டு இப்போதுதான் கிளம்பியிருந்தது. அதற்குள் மௌனம் கலைந்துவிட்டது. வேனில் ஏறிய நொடியிலிருந்து வாயைத் திறக்கக் கூடாது, யாரையும் எதுவும் கேட்கக் கூடாது, செல்போனை வீட்டிலேயே அணைத்துவிட்டு வர வேண்டும் என்று, பதிவு செய்த எட்டுப் பேருக்கும் வாட்ஸ்அப்பில் குரல்செய்தி அனுப்பியிருந்தான். பின்னணியில் புல்லாங்குழல் வேறு சேர்த்திருந்தான். கேட்ட லட்சணம் இதுதானா?

ஜெகதீஷ் திரும்பி, உதட்டில் விரலை வைத்துப் புன்னகைத்தான். கேள்வி கேட்டவர் அறுபதைத் தாண்டியவர். மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் விபூதி. பக்கத்தில் மனைவி, மடியில் ஒரு கூடை.

“பேசக் கூடாதாம், சும்மா இருங்களேன்” என்றாள் மனைவி, ஊருக்கே கேட்கிற மாதிரி.

“தூரம் கேக்கறதுல என்ன தப்பு சரசா?”

“எல்லாத்தையும் காட்டிட்டு அப்புறம்தான் பேசுவாங்க. போன வாரம் போனோமே, அங்கேயும் அப்படித்தானே?”

போன வாரம் இவர்கள் எங்கே போனார்கள்? இந்தப் பக்கத்தில் தன்னைத் தவிர வேறு யார் வன நடை நடத்துகிறார்கள்? ஜெகதீஷுக்குக் குழப்பமாக இருந்தது. இன்னொரு குழப்பமும் இருந்தது. வந்திருக்க வேண்டியவர்கள் எட்டுப் பேர். வேனில் இருந்தவர்கள் ஒன்பது பேர்.

அவன் அப்போதே முகம் பார்த்து ஏற்றியிருக்கலாம். ஆனால் பயிற்சி முகாமில் சொல்லிக் கொடுத்தபடி, வேனின் கதவருகே கண்ணை மூடி, கைகூப்பி, ஒவ்வொரு காலடிக்கும் தலை வணங்கி நின்றிருந்தான். வந்தவர்களும், இவ்வளவு மரியாதை கிடைக்கிற இடத்தில் ஏறாமல் இருந்தால் பாவம் என்பது போல ஏறிவிட்டார்கள். யாரோ ஒருவர் வீட்டுக்காரரையும் கூட்டி வந்திருப்பார் என்று ஜெகதீஷ் மனதைத் தேற்றிக்கொண்டான்.

இந்த நடை அவனுக்கு விளையாட்டில்லை. அம்பத்தூரில் பார்த்த ஐ.டி. வேலை போய் ஒரு வருஷம் ஆகிறது. முதலில் குளியலறையில் காளான் வளர்த்தான். காளான் வளரவில்லை, குளிக்க முடியவில்லை. அப்புறம் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் தேனீ வளர்த்தான். தேனீக்கள் நன்றாக வளர்ந்து, அசோசியேஷன் செயலாளரைக் கொட்டின. கடைசியில் மலைப் பக்கம் ஒரு முகாமுக்குப் போய் வன நடைத் தியானம் கற்றுக்கொண்டு வந்தான். ஆட்களைக் காட்டுக்குள் மெதுவாக நடத்திச் செல்ல வேண்டும். மரம், பறவை, மண் பற்றிச் சொல்ல வேண்டும். நடுநடுவே உட்கார வைத்து மூச்சைக் கவனிக்கச் சொல்ல வேண்டும். காடும் தியானமும் ஒரே டிக்கெட்டில்.

சென்னைக்கு மேற்கே காட்டுக்கு எங்கே போவது? அலைந்து திரிந்து, பாரிவாக்கம் ஏரிக்குப் பின்னால் ஒரு புதரைக் கண்டுபிடித்தான். கருவேலமும் நுணாவும் ஈச்சஞ்செடியும் மண்டிக் கிடந்தன. நான்கு பக்கமும் வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த ஊரில் அது எப்படியோ தப்பிப் பிழைத்திருந்தது. அதைப் பார்த்த அன்று ஜெகதீஷுக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே.

ஆனால் அவன் மனைவி அகல்யாவுக்கு ஒன்றும் கலங்கவில்லை. போன வாரம் ஆவடியில் அப்பா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“அப்பா, ஞாயித்துக்கிழமை இவரோட நடைக்கு ஆள் வரலைன்னா, திங்கட்கிழமை உங்க கம்பெனில இவரைச் சேர்த்துக்குங்க. பொறுப்பு எல்லாத்தையும் இவர்கிட்ட குடுத்துடுங்க.”

மாமனார் நாகப்பன் ஆவடியில் தண்ணீர் கேன் ஏஜென்சி நடத்துபவர். ஒற்றை சைக்கிளில் ஆரம்பித்து இன்று நாலைந்து ஊரில் கிடங்கு வைத்திருக்கிறார். மகள் சொன்னதைக் கேட்டு, வாயருகே போன கையை நிறுத்தி, ஓடாத மின்விசிறியை வெகுநேரம் பார்த்தார். பிறகு, “சரிம்மா, ஒன் இஷ்டம்” என்றார். அந்தப் பார்வையில் தனக்காக ஒரு வலை விரிவதை ஜெகதீஷ் பார்த்தான். காலை முதல் இரவு வரை கேன் மூடி எண்ணுவதும், ‘இன்னும் தண்ணி வரலையே’ என்று போனில் திட்டு வாங்குவதுமாகத் தன் மிச்ச வாழ்க்கை கண் முன்னால் ஓடியது. அன்று இரவே அவன் விளம்பரத்தைப் போட்டான். மறுநாளே எட்டுப் பேர் பதிவு செய்துவிட்டார்கள். அந்த எட்டுப் பேர்தான் அவனுக்குக் குலதெய்வம்.

ஆகவே அவன் எழுந்து நின்று, வேனின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் அறிவித்தான்.

“இனிமே ஒரு மணி நேரத்துக்குப் பேச்சு கிடையாது. கேள்வி எதுவா இருந்தாலும் கடைசியில கேளுங்க. செல்போனை எல்லாம் இந்தப் பையில போட்டுடுங்க.”

“போன் எதுக்கு?” என்றார் லுங்கியை விடுத்து இன்றைக்கென்று பேன்ட் போட்டு வந்தவர் போலிருந்த ஒருவர். கூட வந்தவர்கள் அவரைக் கோவிந்தன் என்று கூப்பிட்டார்கள்.

“அந்த இடமும் நீங்களும் மட்டும்தான் இருக்கணும் சார். நடுவுல வேற யாரும் வரக் கூடாது.”

கோவிந்தன் யோசித்தார். “அதுவும் கரெக்டுதான். போட்டோ புடிச்சி நாலு பேருக்கு அனுப்பினா, நமக்கு முன்னாடி அவன் வந்து நிப்பான்.”

யார் வந்து நிற்பான்? ஜெகதீஷுக்குப் புரியவில்லை. இருந்தாலும் தலையை ஆட்டினான். போன்கள் பைக்குள் விழுந்தன.

“சார், எனக்கு ஒரு சின்ன டவுட்டு” என்றான் ஓட்டுநர் டில்லிபாபு, கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டே. “இவங்கள பாத்தா...”

“உஷ்! உனக்கும் சேர்த்துதான் டில்லிபாபு.”

டில்லிபாபு கியரை மாற்றினான்.

ஏரிக்கரையில் வேன் நின்றது. எல்லாரும் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று ஜெகதீஷ் சைகையால் காட்டினான். அவன் காட்டும் முன்பே சரசா கழற்றிவிட்டிருந்தாள். கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வடகிழக்கு மூலையைப் பார்த்துக் கும்பிட்டாள். ஜெகதீஷுக்குப் புல்லரித்தது. காட்டுக்குள் நுழையும் முன் காட்டிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதை முகாமில் அவனுக்கே மூன்றாம் நாள்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

நடை ஆரம்பமானது. ஜெகதீஷ் முன்னால், மற்றவர்கள் வரிசையாகப் பின்னால். ஓர் அடி வைத்தால் மூன்று முறை மூச்சு விட வேண்டும். திரும்பிப் பார்த்த போதெல்லாம் அவன் வியப்பு கூடிக்கொண்டே போனது. கோவிந்தன் அகலக் கால் வைத்து, உதடு முணுமுணுக்க, ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கொண்டு வந்தார். இப்படி ஒரு கவனத்தை அவன் முகாமில்கூடப் பார்த்ததில்லை. ராணி என்று ஒரு அம்மாள் நான்கு திசைக்கும் திரும்பி, கையை நீட்டி நீட்டிக் காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்தாள். சரசாவின் கணவர் சம்பந்தம் ஒரு பிடி மண்ணை எடுத்து, முகர்ந்து, உள்ளங்கையில் தேய்த்து, நாக்கின் நுனியில் வைத்துப் பார்த்தார். பிறகு மனைவியிடம் ‘உப்பு இல்லை’ என்பது போலத் தலையை அசைத்தார்.

மனிதர்கள் மண்ணோடு இவ்வளவு ஒட்டுறவாக இருக்கிறார்களே, நாம்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வீணாய்ப் போனோம் என்று ஜெகதீஷ் நினைத்துக்கொண்டான்.

பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்று, மெல்லச் சொன்னான். “இங்கே ஆளுக்கு ஒரு மரம் தேர்ந்தெடுங்க. அதுதான் உங்க இடம்னு மனசுல நினைச்சுக்குங்க. பக்கத்துல போய் நில்லுங்க.”

சொல்லி முடிப்பதற்குள் எல்லாரும் ஓடினார்கள். மௌன நடையில் ஓட்டம் எங்கே வந்தது என்று அவன் திகைப்பதற்குள், பாதை பிரிகிற மூலையிலிருந்த நுணா மரத்தைச் சம்பந்தம் ஒரு பக்கமும் கோவிந்தன் மறுபக்கமும் கட்டிப் பிடித்திருந்தார்கள். இருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் சம்பந்தம் ‘நான்தான் முதலில்’ என்று விரலால் காட்டினார். கோவிந்தன் ‘ரெண்டு பக்கமும் ரோடு இருக்கு, விட மாட்டேன்’ என்பது போல இரண்டு பாதைகளையும் காட்டி மார்பில் தட்டிக்கொண்டார். நுணா மரம் ஆடியது.

ஒரு மரத்தின் மேல் இரண்டு பேருக்கு இவ்வளவு பாசமா? ஜெகதீஷ் கையைப் பிசைந்தான். சண்டையைத் தீர்க்க ஒரு யோசனை தோன்றியது. மரம் வேண்டாம், ஆளுக்கு ஓர் அமர்விடம் கொடுத்துவிடலாம். ஒரு குச்சியை எடுத்து, தரையில் கோடு கிழித்து, ஒன்பது கட்டம் போட்டான். இது உங்களுடையது, இது உங்களுடையது என்று ஒவ்வொருவரையும் கையைப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்தினான்.

அதோடு நிலைமை கைமீறியது. சரசா தன் கட்டத்தின் நான்கு மூலையிலும் கல் வைத்தாள். ராணி, பக்கத்துக் கட்டம் தன்னுடையதைவிட ஓர் அடி பெரிது என்று சைகையால் வாதாடி, காலாலேயே கோட்டை அழித்துத் தள்ளிப் போட்டாள். பின்வரிசையில் நிறுத்தப்பட்ட ஒருவர், தனக்குப் பாதையே இல்லையே என்று இரண்டு கையையும் விரித்தார்.

இவர்களை எப்படியாவது உட்கார வைத்தாக வேண்டும். தியானம் நடக்கவில்லை, சரி. காட்டைப் பற்றி நான்கு வார்த்தை சொன்னால் மனம் தணிந்துவிடும் என்று ஜெகதீஷ் நம்பினான். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முகாமில் கற்ற குரலில் ஆரம்பித்தான்.

“கண்ணை மூடிக்குங்க. உங்க பாதத்துக்குக் கீழே இருக்கிற மண்ணை உணருங்க. இது செத்த மண் இல்லை. இதுக்குள்ள லட்சக்கணக்கான கரையான் இருக்கு.”

பல கண்கள் திறந்தன.

“சரசாம்மா நிக்கிற இடத்துக்குப் பின்னாடி ஒரு புத்து இருக்கு. அதுல ஒரு நல்ல பாம்பு குடும்பமா இருக்கு. நான் பார்த்திருக்கேன். நம்ம வந்தது அதுக்கும் தெரியும்.”

சரசா தன் நான்கு கல்லையும் விட்டுவிட்டுக் கணவரின் கட்டத்துக்குத் தாவினாள்.

“மழைக் காலத்துல வந்து பாருங்க” என்று ஜெகதீஷ் உருகினான். “ஏரி நிரம்பி இங்கே முழங்கால் அளவு தண்ணி நிக்கும். நீங்க நிக்கிற இடத்துல நாரை நிக்கும். மார்கழி வரைக்கும் வடியவே வடியாது. அவ்வளவு அழகு!”

“தண்ணி நிக்குமா?” என்று சம்பந்தம் அலறினார். மௌனம் அடியோடு போயிற்று.

“நிக்கும் சார். நிக்கணும். இது ஏரியோட இடம் இல்லையா?”

“ஏரி இடமா! யோவ், அப்ப பட்டா?”

“காட்டுக்கு எதுக்கு சார் பட்டா? இது யாருக்கும் சொந்தமில்லை. நாரைக்கும் பாம்புக்கும் எவ்வளவு உரிமையோ அவ்வளவுதான் நமக்கும்.”

கோவிந்தன் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். “இன்னாய்யா, கோடு போட்டுக் குடுத்துட்டு இப்போ பாம்புக்குப் பங்கு இருக்குன்றே? இருபது அடி ரோடு எங்கே? பார்க் எங்கே? மதியச் சாப்பாடு எங்கே?”

ஏரிக்கரையிலிருந்து ஆள்காட்டிக் குருவி ஒன்று கத்திக்கொண்டே பறந்தது. மற்ற நாளாயிருந்தால் ஜெகதீஷ் அதைப் பற்றி ஒரு பாடமே எடுத்திருப்பான்.

“மதியச் சாப்பாடா? சார், நீங்க யாரு? நீங்க வன நடைக்குத்தானே வந்தீங்க?”

“வன நடையா? பிளாட் பார்க்க வந்தோம்யா!” என்றார் சம்பந்தம்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் பூந்தமல்லி பஸ் நிலைய டீக்கடை ஓரத்தில் பிளாட் கம்பெனிக்காரர்களின் வெள்ளை வேன் வந்து நிற்கும். ஆட்களை இலவசமாக ஏற்றிப் போய், மனையைச் சுற்றிக் காட்டி, மதியம் சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். இந்தப் பக்கத்தில் அது சகஜம். ஜெகதீஷ் வாடகைக்கு எடுத்ததும் வெள்ளை வேன். அவன் நின்றதும் டீக்கடை ஓரம்.

“எனக்கு அப்பவே தெரியும் சார்” என்றான் டில்லிபாபு, பின்னாலிருந்து. “வண்டில ஏறும்போதே அந்தம்மா சதுர அடி பத்திதான் பேசிகினு வந்துச்சு. நீங்கதான் பேசக் கூடாதுன்னீங்க.”

ஜெகதீஷுக்குத் தலை சுற்றியது. அப்படியானால் தன்னுடைய எட்டுப் பேர் எங்கே? போனை எடுத்து ஒவ்வொரு எண்ணாக அழைத்தான். எல்லாம் அணைத்து வைக்கப்பட்டிருந்தன. அணைத்துவிட்டு வாருங்கள் என்று புல்லாங்குழல் வைத்துச் சொன்னவனே அவன்தானே.

அந்த நேரம் பார்த்து நாகப்பனின் அழைப்பு வந்தது.

“மாப்ளே, எப்டி போய்கினு கீது? எட்டு பேரும் வந்தாங்களா?”

“வந்துட்டாங்க மாமா. எல்லாம் நல்லா நடக்குது.”

பின்னணியில் கோவிந்தன், “சாப்பாடு எங்கேய்யா?” என்று கத்தினார்.

“அது இன்னா மாப்ளே சத்தம்?”

“அது... மூச்சுப் பயிற்சி மாமா.”

“ஒண்ணும் பிரச்சனை இல்லியே? உங்களுக்கு நல்லபடியா ஆவணும் மாப்ளே. நான் கருமாரிக்கு வேண்டிகினு கீறேன்.”

என்ன நடிப்பு என்று ஜெகதீஷ் பல்லைக் கடித்தான். திங்கட்கிழமைக்கு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார், இதில் வேண்டுதல் வேறு.

போன் பையைத் திறந்து எல்லாருடைய போனையும் திருப்பிக் கொடுத்தான். சம்பந்தத்தின் போனில் பிளாட் கம்பெனிக்காரரின் எண் இருந்தது. அவர் பெயர் ஜெபா. அழைத்த மறு வினாடியே எடுத்தார். குரல் அழுகிற நிலையில் இருந்தது.

“சார், நீங்க யாரா இருந்தாலும் பரவாயில்லை. என்கிட்ட எட்டுப் பேர் வந்திருக்காங்க சார். காலைல வேன்ல ஏறுனதுல இருந்து ஒரு வார்த்தை பேசலை. நான் ரோடு காட்டினேன், டிரெயினேஜ் காட்டினேன். பார்க்குனு புல்லு வெச்ச ஒரு இடத்தைக் காட்டினேன். புல்லைப் பார்த்ததும் வரிசையா உட்கார்ந்து கண்ணை மூடிட்டாங்க.”

ஜெகதீஷின் நெஞ்சு விம்மியது. பச்சையைக் கண்டதும் அமருங்கள், கண்ணை மூடுங்கள் என்று அவன் குரல்செய்தியில் சொல்லியிருந்தான்.

“அப்புறம்?”

“ரேட்டு சொன்னேன். கண்ணைத் திறக்கலை. அதிகம்னு நினைக்கிறாங்கன்னு குறைச்சேன். அப்பவும் திறக்கலை. ஓனரைக் கூப்பிட்டேன். ஓனர் வந்து பார்த்தார், அவருக்கே பயம் வந்துடுச்சு. பத்திரச் செலவு எங்களோடதுன்னுட்டார். ஒருத்தர் முகத்துல ஒரு அசைவு இல்லை சார். இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கார், இப்படி ஒரு பார்ட்டியைப் பார்த்ததே இல்லையாம்.”

“அவங்க பிளாட் வாங்க வந்தவங்க இல்லை. அவங்க என் மாணவர்கள்” என்றான் ஜெகதீஷ்.

ஜெபாவின் மனை ஏரிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. ஒன்பது பேரையும் ஏற்றிக்கொண்டு வேன் ஏரியைச் சுற்றியது. வழியெல்லாம் கோவிந்தன் திட்டிக்கொண்டே வந்தார். ஜெகதீஷின் காதில் ஒன்றும் விழவில்லை.

ஆனந்தப் பூங்கா நகர் என்று வளைவு வைத்திருந்தார்கள். உள்ளே பூங்காவும் இல்லை, நகரும் இல்லை. பொட்டல் நிலத்தில் மஞ்சள் கல் நட்டு, கொடி கட்டி, ஒரு ஷாமியானா போட்டிருந்தார்கள். கழுத்தில் டையும் கண்ணில் நீருமாக ஜெபா ஓடி வந்தார்.

“அதோ சார், அப்படியே இருக்காங்க.”

புல்தரையில் எட்டு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதுகு நிமிர்ந்திருந்தது, கண் மூடியிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது, ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் நல்ல கட்டுமஸ்தான ஆட்கள். எல்லாருக்குமே வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆழ்ந்த தியானத்தில் உடம்பு அப்படித்தான் ஒரு பக்கம் தளரும் போலிருக்கிறது என்று ஜெகதீஷ் குறித்துக்கொண்டான்.

நான்கு நாள் முகாமில் தானே கால் மரத்துப் போய் எத்தனை முறை எழுந்து ஓடியிருக்கிறான்! இவர்கள் ஒரு குரல்செய்தியை மட்டும் கேட்டுவிட்டு, தப்பான வேனில் ஏறி, தப்பான இடத்துக்கு வந்து, ஒரு வியாபாரி காதுக்குள் கத்தியும் கலையாமல் இருக்கிறார்கள். காளானும் தேனீயும் கைவிட்டவனை மனிதர்கள் கைவிடவில்லை. ஜெகதீஷ் அழுதேவிட்டான்.

“தம்பி” என்று யாரோ அவன் கையைத் தொட்டார்கள். சரசா. அவள் மஞ்சள் கற்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். “இங்கே ஒரு மரம்கூட இல்லையே. கண்ணை மூடினா வெயில்தான் சுடுது. அங்கே அந்தக் குருவி கத்துச்சு பாருங்க, மனசுக்கு என்னமோ மாதிரி நல்லா இருந்துச்சு. அடுத்த வாரமும் வரட்டுமா? வாங்கறதுக்கு இல்லை, சும்மா வந்து நிக்கறதுக்கு.”

“பாம்பு இல்லாத பக்கமா” என்று சம்பந்தம் பின்னாலிருந்து சேர்த்துக்கொண்டார்.

“வாங்கம்மா, வாங்க” என்று ஜெகதீஷ் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். அவன் பார்வை அந்த எட்டுப் பேரை விட்டு அகலவில்லை.

ஜெபா இரண்டு பக்கமும் பார்த்தார். பேசுகிறவர்கள் வாங்கவில்லை, வாங்குவார்கள் என்று நினைத்தவர்கள் பேசவில்லை. அவர் போய் ஷாமியானாவுக்குள் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தார்.

ஜெகதீஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

“மாமா, நாளைக்கு நான் கம்பெனிக்கு வரலை.”



“இன்னா மாப்ளே சொன்னீங்க? இன்னொரு தபா சொல்லுங்க.”

“வரலை மாமா. நாளைக்கு மட்டும் இல்லை, இனிமே எப்பவுமே வரலை. எனக்குன்னு எட்டுப் பேர் இருக்காங்க. அவங்களை விட்டுட்டு என்னால வர முடியாது. மன்னிச்சிடுங்க.”

“எப்பவுமேவா?” நாகப்பனின் குரல் நடுங்கியது.

“எப்பவுமே.”

“ஆத்தா! கருமாரி!” என்று ஒரு கதறல் கேட்டது. போன் துண்டானது.

பாவம், பெரியவர் இடிந்து போய்விட்டார் என்று ஜெகதீஷுக்கு உள்ளூர வருத்தமாகக்கூட இருந்தது. எவ்வளவு ஆசையாக இருந்திருப்பார்! மாலை ஒருமுறை நேரில் போய் ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தான்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, புல்லில் மெல்ல நடந்து, வரிசையின் முதல் ஆள் முன்னால் மண்டியிட்டான். தோளைத் தொட்டான். முகாமில் சொல்லிக் கொடுத்த அந்தக் குரலில் சொன்னான்.

“மௌனம் முடிஞ்சுது. இப்ப நீங்க பேசலாம். உங்க பேர் என்ன?”

அந்த ஆள் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “துலுக்கானம்.”

“துலுக்கானம், இந்த நிமிஷம் உங்க மனசுல என்ன இருக்கோ, அதை அப்படியே சொல்லுங்க.”

துலுக்கானம் இன்னொரு கண்ணையும் திறந்து, டை கட்டிய ஜெபாவையும் ஜிப்பா போட்ட ஜெகதீஷையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீங்கதான் அந்த மாப்ளயா சார்?”

“எந்த மாப்பிள்ளை?”

துலுக்கானம் சட்டென்று இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். மற்ற ஏழு பேரும் கண்ணைத் திறந்து, கூடவே கூப்பினார்கள்.

“ஆவடி நாகப்பன் முதலாளி மாப்ளே! உங்க நடை ஊத்திகிச்சுன்னா நீங்க எங்க கேன் கம்பெனிக்கு வந்துடுவீங்களாமே சார், அந்தப் பயத்துலதான் முதலாளி எங்கள அனுப்பிக்கீறாரு, வாராவாரம் ஞாயித்துக்கெழமை கெடங்க மூடிட்டு நாங்களே வந்து குந்திக்கிறோம், நீங்க மட்டும் இத உட்டுடாதீங்க சார்!”